அக்கட்ட போங்க

மழை விடட்டுமுங்க சார். மழை பேஞ்சா மேல ஆள் உடறதில்ல, தரை வழுக்கும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. எனக்கு வேண்டாமுங்க, நான் நின்னே பழக்கம்.

வெளியூருங்களா? கேக்கவே வேண்டியதில்ல, உங்க ஷூவப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மெட்ராஸு. பேங்க்ல ஆபீசர். இல்லீங்களா? பத்திரிகைங்களா? அப்ப இந்த ஷூ வேற யாராச்சும் வாங்கிக் குடுத்ததா இருக்கோணும். மச்சினனா? பாத்தீங்களா. அவரு பேங்க்ல இருப்பாரு. அவரும் இல்லையா, செரி உடுங்க. எப்பவாச்சும் ஒண்ணு தப்பும். மத்தபடி என் கண்ணு தப்பாதுங்க.

பேரு நாச்சிமுத்துங்க. இந்த மால் தொறந்த நாள்ல இருந்து மெயின் வாசல்ல நான்தான் செக்யூரிட்டி. இப்பப் பாருங்க என் கோலத்த. பச்சை டீ-சர்ட்டு. நெஞ்சுல "எல்லாருக்கும் மாடி"ன்னு எழுதியிருக்குது. தொப்பி இல்ல, பெல்ட்டு இல்ல, விசில் இல்ல. இந்த லிப்ட்டுக்கிட்ட நின்னு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் "வணக்கம், வாங்க"ன்னு சொல்லோணும். யாரா இருந்தாலும். அதும் இன்னைக்கோட செரி. நாளைல இருந்து கடைவீதில ஒரு நகைக்கடைல சேர்றேன். அங்க தொப்பி இருக்குது. கதவுல நிக்கறவனுக்கு அங்க இன்னும் மதிப்பு இருக்குது.

நீங்க மேல இருக்கற இந்த மொட்டை மாடியப் பத்தி எழுத வந்திருக்கறீங்க. நல்லா எழுதுங்க. எல்லாரும் வந்து எழுதறாங்க, போட்டோ புடிக்கறாங்க. ஆனா எனக்கு நடந்த துரோகத்தையும் ஒரு வரி சேத்துக்கங்க. ரெண்டு பேரு பண்ணுன துரோகமுங்க. ஒண்ணு எங்க மேடம். இன்னொரு ஆள அப்புறம் சொல்றேன்.

முன்னாடி இந்த எடம் மில்லுங்க, பஞ்சு மில்லு. நான் வாச்மேன். எங்கூட்டுக்காரி ருக்குமணி உள்ள நூல் கோன் சுத்தற பக்கம் வேலை பாத்தா. இங்கதான் அவளப் பாத்தேன், இங்கதான் புடிச்சுது. அப்புறம் மில்ல மூடிட்டாங்க. எத்தனையோ பேரு தெருவுல நின்னாங்க. மில்ல இடிச்சு மால் கட்டுனப்ப, எனக்கு மட்டும் அதே எடத்துல, அதே வாசல்ல வேலை கெடச்சுது. எம் பொண்ணு கண்ணாலம் இந்த வாசல்ல நின்னு சம்பாதிச்சதுலதான் நடந்துச்சு. அதனால இந்த வாசல் எனக்குக் கோயில் மாதிரிங்க.

அப்ப மேனேஜர் சந்திரகாசன் சார். நெம்பக் கண்டிப்பு. மொத நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. "நாச்சிமுத்து, வர்றவன் மூஞ்சியப் பாக்காத. மூஞ்சியப் பாத்தா எரக்கம் வரும். காலப் பாரு. செருப்பு பொய் சொல்லாது"ன்னாரு. அது எனக்குக் குரு வாக்குங்க. அன்னையில இருந்து காலத்தான் பாப்பேன். குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருந்தா, நெறைய நடக்கற ஆளு, வண்டி வாசி கெடையாது. சிமிண்டு ஒட்டியிருந்தா கட்டட வேலை. வாருல ஊக்குப் போட்டிருந்தா சொல்லவே வேண்டாம். வாங்க வர்ற ஆளு இல்ல, ஏசில உக்காந்துட்டுப் போக வர்ற ஆளு.

சத்தம் போட மாட்டேனுங்க. கை நீட்ட மாட்டேன். "அக்கட்ட போங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். அந்தப் பக்கம் போங்கன்னு அர்த்தம், எங்கூர்ப் பேச்சு. பொம்பளையா இருந்தா "அக்கட்ட போம்மா". அதுவும் மெதுவா, பொறத்தால வர்ற பெரிய குடும்பத்துக் காதுல உழுகாத மாதிரி. சண்டைக்கு வந்தவங்க யாரோ ஒண்ணு ரெண்டு பேரு. மத்தவங்கெல்லாம் ஒண்ணுஞ்சொல்லாமத் திரும்பிப் போயிருவாங்க. அப்படிப் பேசாமப் போறதே, நான் ஆளச் செரியாப் பாத்திருக்கறேன்னு அத்தாட்சிங்க. இல்லாட்டி கேட்டிருப்பாங்களே.

சந்திரகாசன் சார் ஒருக்கா எல்லார் முன்னாடியும் சொன்னாரு, "நாச்சிமுத்து நிக்கற வாசல்ல கேமராவே தேவையில்ல"ன்னு. அந்தச் சொல்லுக்காகவே சோறு தண்ணி இல்லாம நின்னிருக்கறேன் சார். நெசமாவே நின்னிருக்கறேன். ஒரு நாள் டிபன் பாக்ஸ ஊட்டுலயே மறந்துட்டு வந்து, பொழுது சாயற வரைக்கும் வெறும் வயித்தோட நின்னேன். எடத்த உட்டு அசையல. அதையும் அப்புறம் சொல்றேன்.

அப்புறம் அவரு போயிட்டாரு. மொதலாளியோட பேத்தி வந்தாங்க, மிருதுளா மேடம். வெளிநாட்டுல கட்டடம் படிச்ச பொண்ணு. தன்மையான பொண்ணுதாங்க, அதச் சொல்லோணும். எங்கள எல்லாம் "ங்ணா" போட்டுத்தான் பேசும். வந்ததும் நேரா மொட்டை மாடிக்குப் போச்சு. அங்க என்ன இருந்துது, தண்ணி டேங்க்கும் ஏசி மிசினும் துணிக்கடைல ஒடைஞ்ச பொம்மைகளும். அந்தப் பொண்ணு சுத்திச் சுத்தி நடந்து பாத்துட்டு, என்னைக் கூப்பிட ஆள் உட்டுச்சு.

மேல போனேன். ரெண்டு சேர் போட்டு டீ வாங்கி வெச்சிருந்துது. மேடம் முன்னாடி நான் உக்காந்தது அதான் மொதல் தடவை.

"அண்ணா, உங்க அனுபவம் எனக்கு வேணும். இத்தன வருசத்துல யார் யாரை உள்ள விடாம அனுப்பியிருக்கீங்க? எதையும் மறைக்காமச் சொல்லுங்ணா"ன்னு கேட்டுச்சு.

எனக்கு நெஞ்சே நெறஞ்சுபோச்சு சார். ஒருத்தர் நம்ம வித்தையக் கேக்கறாங்களே. ஒண்ணு உடாமச் சொன்னேன். சும்மா உக்கார வர்றவங்க. பையில்லாம பிளாஸ்டிக் கவர்ல சோத்துப் பொட்டலம் கொண்டாறவங்க. கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பசங்க. திருநங்கைங்க. ஒரம்மா, அவங்க பையன் வளந்த பையன், ஆனா தெடீர்னு கத்துவான், அவங்கள ரெண்டு தடவை வாசலோட திருப்பித் தாட்டி உட்டேன். சக்கர நாற்காலில வர்றவங்கள நான் தடுத்ததே இல்லீங்க, படிதான் தடுத்துச்சு. "தூக்கறதுக்கு ஆள் இல்லீங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். அப்புறம் பழைய மில்லுப் பொம்பளைங்க. அவங்க வேலை பாத்த எடம் என்னாச்சுன்னு பாக்க வருவாங்க. என்னத்தப் பாக்கறது? தாட்டி உட்டுருவேன்.

மேடம் "ம்", "ம்"னு கேட்டுக்கிச்சு. கடைசில, "அவங்க திரும்பிப் போறப்ப என்னண்ணா சொல்வாங்க?"ன்னுச்சு. "ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க மேடம், அதான் நம்ம தொழில்"னேன். அந்தப் பொண்ணு கப்பக் கீழ வெச்சிருச்சு. டீ ஆறிப்போச்சு. அசந்துபோச்சுன்னு நான் நெனச்சேன் சார். சூப்பர்வைசராப் போடப் போறாங்கன்னு ஊட்டுல போய் ருக்குமணிகிட்டக்கூடச் சொன்னேன். அவ, "யார் யாரச் சொன்னீங்க?"ன்னு கேட்டா. சொன்னேன். மில்லுப் பொம்பளைங்களையுமான்னு கேட்டா. ஆமான்னேன். அப்புறம் அவ தோசை ஊத்தப் போயிட்டா.

இப்ப மேல போய்ப் பாருங்க, மேடம் பண்ணுன வேலை என்னன்னு உங்களுக்கே தெரியும். நான் யார் யாரச் சொன்னேனோ, அவங்கவங்களுக்குன்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்குது. சும்மா உக்கார வர்றவங்களுக்கு நீளமா பெஞ்சு, காலு நீட்டிப் படுத்துக்கலாம், எழுப்பக் கூடாதாம். சோத்துப் பொட்டலத்துக்கு மேஜை, பக்கத்துலயே கை கழுவத் தண்ணி. சக்கர நாற்காலியோடவே ஏத்தி ஆட்டற ஊஞ்சல். அந்தக் கத்தற பையனுக்குன்னு ஒரு மூலைல மூங்கில் தட்டி கட்டி, சத்தம் வராத எடம். டிக்கெட்டு இல்ல, எதுவும் வாங்க வேண்டாம். கண்ணு தெரியாதவங்க கால்ல தடவிட்டே போறதுக்குத் தரைல மேடு மேடாக் கோடு. செரி, அதெல்லாம் நல்லதுதான். நான் வேண்டாங்கல.

ஆனா இந்த லிப்ட்டப் பாருங்க. ரோட்டுல இருந்து நேரா மேல. என் வாசல் வழியா வரவே வேண்டாமாமா. என்கிட்டயே கேட்டு, நான் சொன்னதையே வெச்சு, என்னைச் சுத்திக்கிட்டுப் போறதுக்கு ஒரு வழி போட்டு, தொப்பியையும் வாங்கிட்டு, என்னையே அதுக்கு முன்னாடி நிக்க வெச்சுட்டாங்க. நம்பிச் சொன்னவனுக்கு இது துரோகமில்லைங்களா? நீங்க என்னமோ எழுதிக்கறீங்க. செரி.

இருங்க, மழை எப்படின்னு பாத்துட்டு வர்றேன். இல்ல, இன்னும் தூறிட்டுத்தான் இருக்குது.

தொறப்பு விழாக் கதைதான் சார் பெருசு. சாயங்காலம் பொழுதோட வெச்சாங்க. மேல பந்தல், லைட்டு, ஸ்டேஜு. எனக்குப் புது பேன்ட்டு சட்டை குடுத்து முன் வரிசைல உக்காரச் சொன்னாங்க. மேடம் மைக்கப் புடிச்சு, "இந்த மாடி எப்படி இருக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரு நம்ம நாச்சிமுத்து அண்ணன்"னு சொல்லுது. கைதட்டு. ஸ்டேஜுக்குக் கூப்பிட்டு சால்வை போத்துது. எம் பொண்ணு கண்ணாலத்துலகூட எனக்கு யாரும் சால்வை போத்தல சார். கண்ணு கலங்கிருச்சு. கும்புட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். ஸ்டேஜு மேல நின்னா எல்லார் மூஞ்சியும் தெரியுதில்ல? நடு வரிசைல பழைய மில்லுப் பொம்பளைங்க. மேடமே ஊடு ஊடாப் போய்க் கூப்பிட்டிருக்குது. அவங்க நடுவுல எங்கூட்டுக்காரி ருக்குமணி. காலைல என்கிட்ட, "பொழுதோட அக்கா ஊட்டுக்குப் போறேனுங்க"ன்னு சொன்னவ. மேடம் எங்கூட்டுக்கும் வந்திருக்குது, நான் ட்யூட்டில இருந்தப்ப. ரெண்டு பேரும் என்கிட்டச் சொல்லல.

செரி, வந்தது வந்தா, புருசனுக்குச் சால்வை போத்தறதப் பாக்கட்டும்னுதான் மொதல்ல நெனச்சேன். சந்தோசமாக்கூட இருந்துது. அதுக்குள்ள மேடம் மைக்கக் கீழ குடுத்து, "இங்க இருக்கறவங்கள்ல யாராச்சும் முன்னாடி இந்த மாலுக்கு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. மைக்கு கை மாறிக் கை மாறிப் போச்சு. ருக்குமணி எந்திரிச்சா.

"நான் ஒருக்கா வந்தேனுங்க. வாசல்ல நின்னவரு அக்கட்ட போம்மான்னாரு. போயிட்டேன்."

அவ்வளவுதான். உக்காந்துட்டா.

என் பேரச் சொல்லல. என்னைப் பாக்கவும் இல்ல. கூட்டம் "ச்சு"ன்னுச்சு. மேடம் பேயறஞ்ச மாதிரி நின்னுச்சு, மேடத்துக்கு இவ யார் ஊட்டுக்காரின்னு தெரியும். நான் சால்வையோட நின்னேன் சார். எடுக்கவும் முடியல, போத்திக்கவும் முடியல.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். எப்ப வந்தே, என்னத்துக்கு வந்தேன்னு. அவ சட்டி கழுவிட்டே சொல்றா. "டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போயிட்டீங்களே, அன்னைக்கு. கொண்டாந்தேன். நீங்க கீழயே பாத்துட்டிருந்தீங்க. என் செருப்பு வாரு அந்துபோயி ஊக்குக் குத்தியிருந்தேன். அதையே பாத்துட்டு, அக்கட்ட போம்மான்னீங்க. மேல பாப்பீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன். மறுக்காச் சொன்னீங்க."

"ஏன்டி, ஏனுங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

அதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா? "பக்கத்துல உங்க ஆளுங்க நின்னாங்க. ஊக்குச் செருப்புக்காரிதான் உங்க பொண்டாட்டின்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னு வந்துட்டேன்"கறா.

பாத்தீங்களா சார். அதையும் என் தலைலயே கட்டிட்டா. எனக்காகத்தான் போனாளாம்.

அந்த டிபன் பாக்ஸ மறந்த அன்னைக்கு ராத்திரி நடந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. பசியோட ஊட்டுக்குப் போனவன் கத்துனேன். "ஊட்டுல சும்மாதானே இருக்கறே, பாக்ஸக் கொண்டாந்து குடுக்கறதுக்கு என்ன கேடு?"ன்னு கேட்டேன். அவ அந்தச் சோத்தையே சூடு பண்ணிப் போட்டா. அப்பச் சொல்லியிருக்கலாமில்லைங்களா? நான்தான் வாய் தொறந்து கேட்டனே. கொண்டாந்தேனுங்க, நீங்கதான் தாட்டி உட்டீங்கன்னு ஒரு வார்த்தை. எனக்குச் சோறு போட்டா, பொண்ணு கண்ணாலத்துக்கு என்கூட ஊரு ஊராப் பத்திரிகை வெச்சா, காய்ச்சல்ல எனக்குக் கஞ்சி ஊத்துனா, அத்தன நாளும் மனசுக்குள்ள இத வெச்சிட்டே இருந்திருக்கறா. வெச்சிருந்து, எனக்குச் சால்வை போத்துன நேரம் பாத்து எடுத்து வீசறா. இதுக்குப் பேரு என்னங்க? துரோகந்தானே? வேற எவளோ சொல்லியிருந்தா மறந்திருப்பேன்.

"அந்தச் செருப்பு எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். "ஊட்டு வாசல்ல உங்க செருப்புக்குப் பக்கத்துலதான் தெனமும் கெடந்துச்சு"ன்னா. ஊட்டு வாசல்ல கெடக்கற செருப்ப எவன் சார் பாத்துட்டிருப்பான்? அங்க நான் என்ன ட்யூட்டியா பாக்கறேன்?

அன்னைக்கோட அவகிட்டப் பேச்ச நிறுத்துனேன். அவளும் அதுக்காக அழுகல, கெஞ்சல. தெனமும் பொழுதோட கெளம்பி இங்க வந்துருவா. மேல அந்த மில்லுப் பொம்பளைங்க எல்லாம் சேந்துக்கறாங்க. மில்லுப் புகைக்கூண்டு நின்ன எடம் அங்கிருந்து நேராத் தெரியுமாமா. சக்கர நாற்காலிப் பொண்ணு ஒண்ணு, கத்தற பையனோட அம்மா, அந்தத் திருநங்கைங்க ரெண்டு பேரு, எல்லாம் இவளுக்குச் சிநேகிதம். "ருக்குக்கா, ருக்குக்கா"ன்னு கூப்படறாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, லிப்ட்டுல எறங்கறப்பப் பேசிட்டே வருவாங்க. மேல நான் போறதில்ல. விழாவுக்கப்புறம் ஒரு நாள்கூடப் போகல. என் ட்யூட்டி கீழ.

அதுலயும் என் தலையெழுத்தப் பாருங்க. அவ லிப்ட்டுக்கு வந்தா, நான் "வணக்கம், வாங்க"ன்னு சொல்லோணும். வேலையாச்சே. சொல்லுவேன். அவளும் "வணக்கமுங்க"ன்னு சொல்லிட்டுப் போவா. ஊட்டுல ஒரு பேச்சும் இல்ல. தட்டு வெப்பா, திம்பேன். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறது இந்த லிப்ட் வாசல்ல மட்டுந்தானுங்க. உண்மையச் சொல்லட்டுங்களா, பொழுது சாயச் சாய என் கண்ணு ரோட்டுப் பக்கமே போகும். அது பழக்கதோசம். வேற ஒண்ணும் இல்ல.

இன்னைக்குக் காலைல அவளா வாயத் தொறந்தா. நான் செருப்பு மாட்டிட்டிருந்தேன். "இன்னைக்கு உங்களுக்கு இங்க கடைசி நாளு. ஒருக்கா மேல வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு, ரெண்டு பேரும் சேந்து ஊட்டுக்கு வரலாம்"ன்னா. நான் அடுத்த செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். அவ ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் சார், மைக்குல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கன்னு. அடுத்த நிமிசம் மேல வர்றேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா மொதல்ல அவ சொல்லோணும். தப்புப் பண்ணுனவங்கதானே சொல்லோணும்?

நாளைல இருந்து நகைக்கடை. அவ இங்க வருவா, நான் அங்க நிப்பேன். இந்த வணக்கமும் இருக்காது. பரவால்ல. அங்க சொல்லிட்டாங்க, ஆளப் பாத்துத்தான் உள்ள உடோணும்னு. நம்ம வித்தைக்கு அதுதான் எடம்.

மழை நின்னுருச்சுங்க. லிப்ட்டும் வந்துருச்சு. எந்திரிங்க சார், ஸ்டூல் அங்கயே இருக்கட்டும். கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, ஒரு ஆள் வருது.

வணக்கம், வாங்க.

அவதான் சார். நீங்களும் கூடவே ஏறுங்க, எடம் இருக்குது. உள்ள அந்தப் பக்கமா நின்னுக்கங்க. இல்லீங்க, நான் வரல. இங்க ஒரு ஆள் நிக்கோணுமில்ல.

ஏனுங்க சார், கதவு மூடிட்டுத் திரும்பத் தொறக்குதே. நான் பாத்துட்டேன், அவதான் கால வெச்சுத் தடுத்துட்டிருக்கறா. செருப்பு நனைஞ்சிருக்குது. ஊக்கு இல்ல, வாரு புதுசு. எப்ப மாத்துனான்னு தெரியல. மிசின் கத்துது பாருங்க, கால எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க சார், நான் சொன்னா நல்லாருக்காது.

என்னங்க சார்? அவ மூஞ்சியா? இல்லீங்க, நான் பாக்கல. பாத்தா எரக்கம் வரும்.